குனிந்தால் ஓடாத நாய்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக நாலாம் தெருக் கும்பல் எங்கள் மூன்றாம் தெருவுக்குள் புகுந்துவிட்டது. கோழிக்கடை வாசலில் கிடந்த குடலுக்குத்தான் சண்டை. என் நாய்கள் ஆறு, அவர்கள் அதற்கு மேல். பெ-4 முதலில் பாய்ந்து ஒரு வெள்ளை நாயின் காதைக் கவ்வி உதறியது. காதில் பாதி அதன் வாயோடு வந்துவிட்டது. ஆ-5க்குத் தொடையில் சதை தொங்குகிறது. மாடியிலிருந்து போனில் படம் பிடித்தேன். கை நடுங்கியதில் பாதிப் படம் வானமும் மின்கம்பியுமாக இருக்கிறது.

ஆ என்றால் ஆண், பெ என்றால் பெண், அப்புறம் ஒரு நம்பர். பெயர் வைக்கக் கூடாது என்பது கைடின் கட்டளை. பெயர் வைத்தால் பாசம் வருமாம், பாசம் வந்தால் ஆராய்ச்சி கெடுமாம். தெருக்காரர்கள் இதையெல்லாம் மதிப்பதில்லை. பெ-4 அவர்களுக்குச் செவலை, ஆ-2 கருவாயன். நான் அவர்களுக்கு நாய் டீச்சர். டீச்சர் இல்லை, விலங்கியலில் பிஎச்.டி. செய்கிறேன், பெயர் பவுலின் என்று வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டால்தானே.

ஜூன் 11, புதன்

இன்று பதினெட்டு முறை பரிசோதனை. முறை இதுதான்: மூடிய கிண்ணம் இரண்டு. ஒன்றில் மட்டும் கோழி ஈரல், ஆனால் வாசனை இரண்டிலும் தடவியிருக்கும். குனிந்து இரண்டையும் தரையில் வைக்க வேண்டும், நிமிர வேண்டும், ஒரு கிண்ணத்தைக் கையால் காட்ட வேண்டும். மனிதன் காட்டும் திசையைத் தெருநாய் புரிந்துகொள்கிறதா என்பதே என் கேள்வி. புரிந்துகொள்கிறது. பெ-4 மூன்று தடவைதான் தவறியது.

என்னைத் தவிர வேறு ஆள் காட்டினாலும் வருமா என்று பார்க்கக் கோழிக்கடைத் தவசியைப் பிடித்தேன். ஈரலும் அவர் கொடுப்பதுதான், காசு வாங்க மாட்டார். ரத்தக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன டீச்சர் பண்ணணும், சொல்லுங்க" என்றார். "குனி, வை, நிமிர், காட்டு" என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். அவர் மகள் சுடர், மூன்றாவது படிக்கிறாள், பக்கத்தில் நின்று அவளும் சேர்ந்து சொன்னாள்.

பெ-4 அவர் காட்டியதைத்தான் எடுத்தது. "அட, நம்ம பேச்சையும் கேக்குதே" என்று சிரித்தார்.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் லாரி இன்றும் அதே வேகத்தில் வந்தது. போன மாதம் பெ-4இன் குட்டிகள் மூன்றையும் தார் ரோட்டோடு அரைத்துவிட்டுப் போனவன் இவன்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டான்.

ஜூன் 14, சனி

கைடு போனில் பேசினார். முடிவுகள் அவருக்குப் பிடித்துவிட்டன. கிண்ணத்தை விட அவருக்குப் பிடித்தது வேறு.

"குனிஞ்சா ஓடலையா? நம்ம ஊர் நாயா? எப்படிம்மா பழக்குனே?"

பொறுமையாக, என்றேன். நம் ஊரில் தெருநாய்க்குக் குனிவதற்கு ஒரே அர்த்தம்தான்: கல். கல்லே இல்லாத தரையில் சும்மா குனிந்தாலும் போதும், காத தூரம் ஓடும். இந்த ஆறும் முதல் மாதம் அப்படித்தான் ஓடின. குனியாமல் கிண்ணம் வைக்க முடியாது, குனிந்தால் நாய் இருக்காது. இரண்டு மாதம் நாய் மாதிரி நானும் உட்கார்ந்து, தவழ்ந்து, ஈரலை வீசி வீசி அதை மாற்றினேன். இப்போது யார் குனிந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகின்றன.

"தனிப் பேப்பரே போடலாம்" என்றார். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு பிளேட் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பெ-4 சுடரைக் கடித்துவிட்டது. வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே, ஆழமாக. பால் பாக்கெட் வாங்கப் போனவள். நான் பார்க்கவில்லை, அலறல் கேட்டுத்தான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். ரத்தமும் பாலும் ரோட்டில் கலந்து கிடந்தன. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். பிள்ளை கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. தவசி பைக்கில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டிருக்கிறார்கள், காயத்தைச் சுற்றியும் போட்டிருக்கிறார்கள்.

தரவு எதுவும் எடுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

தவசி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரு சொல்றாரு, நாயப் பத்து நாள் பாக்கணுமாம். பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னா வெறி இல்லையாம். ஊசி எப்படியும் போட்ருவாங்க. ஆனா நாய் நல்லா இருந்தா நீங்க நிம்மதியாத் தூங்கலாம்னாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. செவலை நல்லா இருக்குண்ணே. சாப்பிடுது, தண்ணி குடிக்குது. வெறி புடிச்ச நாய் இப்படி இருக்காது."

"அப்ப ஏன் டீச்சர் ஓடல? எம் புள்ள குனிஞ்சிருக்கா. ஒரு நாய்னா குனிஞ்சா ஓடணுமா இல்லையா? எங்கிட்ட வந்துச்சு, சரி, எம் மேல கறி வாசம். புள்ளகிட்ட என்ன இருந்துச்சு? குனிஞ்சும் மேல வருதுன்னா அது வெறி நாய்தான்னு தெருவே சொல்லுது."

நான் பதில் சொன்னேன். "குட்டி வச்சிருக்குண்ணே. குட்டி போட்ட நாய் எதுக்கும் பயப்படாது."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "அப்படியா, சரி டீச்சர், நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குட்டி போட்ட நாய் எதற்கும் பயப்படாது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

பெ-4ஐ மாடிப்படிக்குக் கீழே கட்டினேன். பத்து நாளும் அங்கேயே இருக்கட்டும் என்று. கட்டிய நாயாக அது பிறக்கவில்லை; கயிற்றைக் கடித்து, படியில் மோதி, ஊளையிட்டுத் தீர்த்துவிட்டது. வீட்டுக்காரம்மா வந்து, "நாய் இருக்கணும், இல்ல நீ இருக்கணும்" என்றார். அவிழ்த்துவிட்டேன். மாநகராட்சிக்குப் போன் செய்தால் வண்டி ரிப்பேராம்.

ஜூன் 20, வெள்ளி

யாரோ பெ-4 மீது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்து ரோஸாகத் தெரிகிறது, ஈ மொய்க்கிறது. மருந்து தடவக் குனிந்தேன். அந்தக் காயத்தோடும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

ஏ கூறுகெட்ட நாயே, ஓடித் தொலையேன்.

ஜூன் 22, ஞாயிறு

சுடரைப் பார்க்கப் போனேன், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா செல்வராணி தண்ணீர் கொடுத்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா உள்ளே போனதும் சுடர் தானாகச் சொன்னாள். "நாலஞ்சு நாய் வந்துச்சாக்கா. எனக்குப் பயம். அம்மா சொல்லிக்குடுத்த மாதிரி குனிஞ்சேன். எல்லாம் எங்கிட்ட ஓடி வந்துச்சு. செவலை வால ஆட்டுச்சுக்கா. எனக்கு ரொம்பப் பயம். கையில கல்லு இருந்துச்சா, கண்ணுல குத்திட்டேன். அப்பறந்தான் கடிச்சுச்சு."

"இத அப்பாகிட்ட சொன்னியா?"

"குனிஞ்சேன், ஓடலன்னு சொன்னேன். குத்துனதச் சொல்லல. அடிப்பாருல்ல."

அவளிடம் சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வால் ஆடியது எனக்கும் தெரியும். மாடியில்தான் நின்றிருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஒரு வாரமாகிறது. பெ-4 தின்கிறது, குடிக்கிறது, கொட்டாவி விடுகிறது. வெறியின் அறிகுறி ஒன்றுகூட இல்லை. இன்னும் நாலு நாள் போனால் எல்லாம் தன்னால் அடங்கிவிடும். யாரும் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

ஜூன் 24, செவ்வாய்

பஸ்ஸுக்குப் போகும்போது கடை வாசலில் தவசி கூப்பிட்டார். கையில் கோழி, கழுத்தைத் திருகிய மேனிக்கே கேட்டார்.

"குட்டி எங்க டீச்சர்?"

"என்ன குட்டி?"

"செவலை குட்டி. ரெண்டு நாளாத் தேடுறேன். வாய்க்காப் பக்கம், தண்ணித்தொட்டிக்கு அங்கிட்டு, எல்லாம் பாத்துட்டேன்."

"செத்துப்போச்சுண்ணே."

"எப்ப?"

"இப்பத்தான். முந்தாநாளு."

கோழியை டிரம்முக்குள் போட்டார். அது உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டது. "லாரியில அடிபட்டுப் போன மாசமே போச்சுன்னு செல்வராணி சொல்றா. அவதான் அள்ளிக் குப்பையில போட்டிருக்கா." டிரம் சத்தம் நிற்பதற்குள் நான் போய் பஸ் ஏறிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பேப்பர், கைடு, வீட்டுக்காரம்மா, கத்தி பிடித்த அந்தக் கை, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பயந்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

காலை ஏழு மணி இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தவசி கடையிலிருந்து வெளியே வந்தார். ஒரு கையில் என் கிண்ணம், நானே அன்றைக்கு அங்கே விட்டுவந்தது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. செவலை எதிரே கம்பத்தடியில் படுத்திருந்தது.

அவர் குனிந்தார். வைத்தார். நிமிர்ந்தார். இடது கையை நீட்டிக் கிண்ணத்தைக் காட்டினார்.

செவலை எழுந்து, உரிந்த முதுகை நெளித்து, வாலை ஆட்டிக்கொண்டு நேராகக் கிண்ணத்துக்கு வந்தது. தலையைக் கிண்ணத்துக்குள் விட்டதும் இரும்புக் குழாய் இறங்கியது. தாடை உடைந்த சத்தம் மாடிக்குக் கேட்டது. கீழே விழுந்து அவரைப் பார்த்தது. மறுபடி அடித்தார். மறுபடி. செவலையின் கால்கள் ரோட்டில் ஓடுவது மாதிரி அடித்துக்கொண்டன, உடம்பு அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அதற்குள் கட்டட வேலைக்குப் போகும் பயல்கள் நாலு பேர் கம்பியோடு வந்துவிட்டார்கள். ஒருவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "செவலை கூடவே சுத்துனது எல்லாத்துக்கும் ஒட்டியிருக்கும்டா. குனிஞ்சு பாரு. ஓடுனா விட்டுரு. ஓடலன்னா வெறி."

குனிந்தார்கள். அன்றைக்குச் சண்டைக்கு வந்த நாலாம் தெரு நாய்களும் கோழிக்கடைப் பக்கம் நின்றன, அவை ஓடிவிட்டன, பாதிக் காது வெள்ளை முதலாவதாக ஓடியது. என்னுடையவை ஓடவில்லை. பெ-1 வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, அடித்தார்கள். பெ-3 வந்தது. தொடைக் காயத்தோடு ஆ-5 நொண்டி நொண்டி வந்தது. ஆ-6 ரத்தத்தை மோந்து பார்த்துத் தயங்கி நின்றது. ஒருவன் இன்னும் நன்றாகக் குனிந்தான், அதுவும் வந்துவிட்டது. கம்பி அதன் கண் வழியாகப் போனது.

நான் ஒரு வார்த்தை கத்தவில்லை. போன் கையில் இருந்தது. கை நடுங்கவில்லை, படம் முழுவதும் தெளிவாக வந்திருக்கிறது.

ஆ-2, அதாவது கருவாயன், மட்டும் அங்கே இல்லை. விடிந்ததும் பன்னுக்காக மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய்விடுவான், பதினொரு மணிக்குத்தான் வருவான்.

ஜூன் 25, அதே நாள்

பத்து நாள் முடியுமுன் நாய் செத்துவிட்டால் மூளையைத்தான் பார்க்க வேண்டும். குப்பை வண்டிக்கு முன்னால் போய் நின்று செவலையைக் கேட்டு வாங்கினேன். சாக்கில் சுற்றி, ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கூடக் கேட்டார், கொடுத்தேன்.

டாக்டரம்மா கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு செட் கொடுத்தார். "நீங்க தடுப்பூசி போட்டவங்கதானே, பிடிங்க" என்றார். பிடித்தேன். கழுத்தை அறுத்துத் தலையைத் தனியே எடுத்தார். மண்டையோட்டைத் திறக்க அதிக வேலை இல்லை, அதுதான் ஏற்கெனவே உடைந்திருந்ததே. சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். எம்.எஸ்சி.யில் இந்தப் படத்தை எத்தனை தடவை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். என்னை நம்பிய இடம் இதில் எது என்று பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வலது கண்ணுல ஒரு பழைய காயம் இருக்கு. கல்லடி மாதிரி. ஒரு வாரம் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "கடிச்சது இதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்புறம் எதுக்கு வெறின்னு சந்தேகப்பட்டாங்க?"

கையுறையைக் கழற்றினேன்.

ஜூன் 26, வியாழன்

கைடு கேட்டார்: "எத்தனை மிச்சம்?" ஒன்று என்றேன். "ஒண்ணை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது. வேற தெரு பாரு. பழக்குற முறைதான் கைவசம் இருக்கே."

போனை வைத்துவிட்டேன். எப்போதும் அவர்தான் முதலில் வைப்பார், இன்று நான் முந்திக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. வெறி இல்லை. இன்றைக்குத்தான் பத்தாவது நாள்.

தவசி கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சொன்னதும் கறி வெட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்றார். அவர் கும்பிடும் சாமிகளில் மாதா இல்லை, எனக்காகச் சொன்னார் போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. பிள்ளை பிழைத்தாள் என்ற நிம்மதி. பிறகு அந்த நிம்மதி மெல்ல வடிந்து போவதையும் பார்த்தேன்.

"ரெண்டாவது அடிக்கும் வால ஆட்டுச்சு டீச்சர். அப்பயும் நான் நிறுத்தல." கட்டையில் ஒட்டியிருந்த சதையைக் கத்தியால் சுரண்டினார். "வெறி இல்லேன்னா அது ஏன் ஓடல?"

"நான்தான் பழக்குனேன்."

"என்னது?"

"குனிஞ்சா ஓடக் கூடாதுன்னு ரெண்டு மாசம் பழக்குனேன். குனிஞ்சா கறி கெடைக்கும்னு பழக்குனேன். சுடர் குனிஞ்சதும் கறி குடுக்கப் போறான்னு வந்துச்சு. அவ பயந்து கல்லால கண்ணுல குத்திட்டா. அதனாலதான் கடிச்சது. பதினேழாந் தேதியே எனக்குத் தெரியும்."

கத்தி அவர் கையில்தான் இருந்தது. அதைக் கட்டையில் ஓங்கிக் குத்தினார். என் விரலுக்கு நாலு விரற்கடை தள்ளி நின்று ஆடியது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"கைய நீட்டிக் காட்டத் தெரியுது. வாயத் தொறக்கத் தெரியலையா ஒனக்கு?" என்றார். ஆறு மாதத்தில் என்னை அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது போதாது என்று பட்டது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சொன்னார். "கருவாயன் ஒண்ணு நிக்கிது. பயலுகளுக்குச் சோதிச்சுச் சோதிச்சு ருசி கண்டுபோச்சு. நான் சொன்னாலும் கேக்க மாட்டாய்ங்க. நீ பழக்குனத நீயே போயி மாத்து."

ஜூன் 28, சனி

வாய்க்கால் கரையில் கருவாயனைப் பிடித்தேன். ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று குனிந்தேன். ஓடி வந்தான். ஒரு கல்லை எடுத்து அவன் பக்கத்தில் படாமல் எறிந்தேன். அதைத் துரத்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான்.

அடுத்ததைப் படும்படி எறிந்தேன். விலாவில் பட்டது. கத்திவிட்டு, கொஞ்ச தூரம் ஓடி, திரும்பிப் பார்த்தான். ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது என்று நினைத்தான் போல. குனிந்தேன். மறுபடி வந்தான்.

எத்தனை கல் எறிந்தேன் என்று எண்ணவில்லை. முன்னங்காலில் ஒன்று, காதில் ஒன்று, காது கிழிந்துவிட்டது. ஒன்று முகத்தில் பட்டு ஒரு பல் போய்விட்டது. அழுதுகொண்டே எறிந்தால் குறி தப்புகிறது, அதனால் அழுகையை நிறுத்திவிட்டு எறிந்தேன். கடைசியில் ரத்த வாயோடு ஊர்ந்து வந்து என் எதிரே மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். நாய்கள் தோற்றுவிட்டேன் என்று சொல்வது அப்படித்தான். அந்த வயிற்றில் உதைத்தேன்.



ஜூன் 29, ஞாயிறு

குனிந்தேன். நின்றான். வரவும் இல்லை, ஓடவும் இல்லை. எறிந்தேன்.

ஜூன் 30, திங்கள்

பயல்கள் இருவர் கம்பியோடு வாய்க்கால் பக்கம் போவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன். ஒருவன் கருவாயனுக்கு முன்னால் குனிந்தான். கருவாயன் நொண்டிக்கொண்டே ஓடிப் பாலத்துக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

"இது நல்ல நாய்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

ஜூலை 2, புதன்

ரூமைக் காலி செய்துவிட்டேன். கிண்ணங்களைக் குப்பையில் போட்டேன். ஆராய்ச்சியை விடுகிறேன் என்று கைடுக்கு எழுதிவிட்டேன், அவர் இன்னும் பதில் போடவில்லை.

பெட்டியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். சுடர் வாசலில் நின்று கட்டு இல்லாத கையை ஆட்டினாள். தவசி தலையைத் தூக்கவில்லை. மெயின் ரோட்டு டீக்கடை ஓரத்தில் கருவாயன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். காது பாதி தொங்கியது. வால் மெதுவாக ஒரு தடவை ஆடியது. எங்களுக்கு நடுவில் நாலு எட்டு தூரம்தான்.

செருப்பு வார் கழன்றிருந்தது. மாட்டுவதற்காகத்தான் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பஸ்களுக்கு நடுவே புகுந்து எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.